இரண்டு கூடலூர்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என்று ஓர் ஊர் உண்டு. கம்பத்தில் குமுளி பஸ் ஏறினால், மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால் வருகிற கடைசிப் பெரிய ஊர் அது. அதைத் தாண்டினால் லோயர் கேம்ப். அதற்கப்புறம் வளைந்து வளைந்து ஏறுகிற மலைதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பாலக்காட்டுச் சீமையில் இன்னொரு கூடலூர் இருக்கிறது. தூதப்புழை வந்து பாரதப்புழையில் கலக்கிற இடம். ஆறுகள் கூடுவதால் கூடலூர். இந்த இரண்டாவது கூடலூரில் பிறந்த ஓர் ஓவியரைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அச்சுதன் கூடலூர் என்று அவர் பேரைச் சொன்னதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும், ‘நம்ம கூடலூரா?’ என்று ஆவலோடு கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் முகம் சற்று வாடிப் போகிறது. எனக்கும் ஆரம்பத்தில் இதே மயக்கம்தான். அவருடைய படங்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே முதலில் அந்தப் பேரினால் வந்தது. கலைஞர்களிடம் நாம் போய்ச் சேருகிற வழிகள் எப்போதும் கௌரவமான வழிகளாக இருப்பதில்லை. பேரைப் பார்த்துப் போனேன். படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அப்படிக் கிடைத்த அவருடைய படம் ஒன்றின் அச்சுப் பிரதியைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். நீலம் மிகுந்த படம். மனிதர் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. நிறங்கள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் ஒன்றுக்கொன்று ஒதுங்கியும் நிற்கின்றன. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என் மனம் நோகக் கூடாது என்று வேறு பேச்சு எடுப்பார்கள். என் மனைவியின் தமையனார் மட்டும் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். எதையும் நேராகக் கேட்பார்.

“மாப்ள, இதென்ன படம்?” என்றார்.

“அச்சுதன் கூடலூர் போட்டது, மச்சான்.”

“போட்டது யாருன்னு கேக்கல. என்ன படம்னு கேட்டேன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் விடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டப் போய்ப் பார்த்தார்; தள்ளி வந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “இந்த நீலம் நம்ம தோட்டத்து நீலம். மருந்தடிச்ச மறுநாள் இலையில நிக்குமே, அது.” சற்று நேரம் கழித்து, “ஆனா இலையத்தான் காணோம்” என்றார்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் திராட்சைக் கொடிக்கு அடிப்பார்கள். அது காய்ந்தபின் இலையின் மேல் ஒரு சாம்பல் நீலம் படிந்திருக்கும். பந்தலுக்கு அடியில் நின்று வெயிலை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த நீலம் தெரியும். அச்சுதன் கூடலூர் எங்கள் திராட்சைத் தோட்டத்தை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் மைத்துனர் சொன்னதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் அரூப ஓவியத்தைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீலம் இருக்கிறது, இலையைக் காணோம். இலையை எடுத்துவிட்டு நீலத்தை மட்டும் நிறுத்திக் காட்ட முடியுமா, காட்டினால் அது நிற்குமா, நின்றால் நமக்கு அதனால் என்ன என்பவைதான் கேள்விகள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், அரூப ஓவியம் என்பது சொல்ல விஷயம் இல்லாதவர்கள் போய் ஒளிந்துகொள்கிற இடம் என்று நானே எழுதியிருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இயல்பாக வரக்கூடிய அபிப்பிராயம்தான் அது. கதைக்காரன் பிழைப்பே ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இடமே கொடுக்காத ஒரு கலையைப் பார்த்தால் அவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்த அபிப்பிராயத்தை இன்று நான் மாற்றிக்கொண்டேன் என்றால் அதற்கு அச்சுதனின் படங்கள் பாதிக் காரணம். அவருடைய வாழ்க்கை மறுபாதி.

அவர் 1945ல் பிறந்தார். இளமையில் அவருக்குச் சித்திரத்தில் அல்ல, எழுத்தில்தான் மோகம். மலையாளத்தில் சிறுகதைகள் எழுதினார். சிவில் எஞ்சினீயரிங் படித்தார். வேலை தேடிச் சென்னைக்கு வந்தார். சென்னைக்கு வந்த மலையாளத்து இளைஞர்கள் எத்தனையோ பேர். உத்தியோகம் கிடைத்ததும் அவர்களில் பெரும்பாலோர் வாடகை, பென்ஷன், ஊருக்கு மணியார்டர் என்று அடங்கிவிடுகிறார்கள். இவர் எழும்பூரில் உள்ள ஓவியக் கல்லூரியின் வளாகத்தில் மாலை வேளைகளில் கூடிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போக ஆரம்பித்தார். பகலெல்லாம் கட்டட வேலை. பொழுது சாய்ந்தால் வர்ணம். முறையாக மாணவனாகச் சேர்ந்து படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். பார்த்தும் பழகியும் போட்டுப் பார்த்துக் கிழித்தும் கற்றுக்கொண்டவர். ஆரம்பப் படங்களில் உருவங்கள் இருந்தன. பிறகு அவை மெல்ல மெல்ல விலகிப் போயின. 1982ல் மாநில அளவில் லலித் கலா அகாதெமி விருதும், 1988ல் அதன் தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தன. கடைசி வரை சென்னைதான் அவருக்கு ஊர். 2022 ஜூலையில் அங்கேயே காலமானார்.

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது விருதுகள் அல்ல. கதை எழுதிக்கொண்டிருந்தவர் கதையை விட்டாரே, அதுதான். சொல்ல விஷயம் இல்லாதவர் என்று இவரை எப்படிச் சொல்வது? விஷயம் இருந்தது; சொல்லும் தொழிலும் ஓரளவு கைவந்திருந்தது. அப்படியிருந்தும் விட்டார். கை வராதவன் விடுவது ஒன்று. கைக்கு வந்ததை ஒருவன் விடுவது வேறொன்று.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எம். டி. வாசுதேவன் நாயரும் அதே கூடலூர்க்காரர். 1933ல் பிறந்தவர், அச்சுதனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ‘நாலுகெட்டு’ வெளிவந்த 1958ல் அச்சுதன் பள்ளிக்கூடத்துப் பையன். எம். டி.யின் கதைகளில் நிளா என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் பாரதப்புழை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மணல், அதன் வெள்ளம், அதன் கரையில் இடிந்துகொண்டு வருகிற பெரிய வீடுகள், அந்த வீடுகளில் வாய்விட்டு அழாத பெண்கள் எல்லோரையும் நாம் அறிவோம். தமிழில் படித்தவர்கள்கூட அந்த ஆற்றில் ஒரு முறையாவது கால் நனைத்திருப்பார்கள். 1995ல் அவருக்கு ஞானபீடம் கிடைத்தது. 2024 டிசம்பரில் அவரும் போய்விட்டார். ஒரே ஊர், ஒரே ஆறு. ஒருவர் அதைக் கதை கதையாகச் சொன்னார். மற்றவர் சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டு, நிறத்தை எடுத்துக்கொண்டார்.

ஏன் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். என் ஊகம் இது. கதைக்கு ஒரு குணம் உண்டு. அது எதைத் தொட்டாலும் அதைக் காரணமாகவோ காரியமாகவோ ஆக்கிவிடும். ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் சாயங்காலம் பார்த்த சிவப்பை நான் கதையில் எழுதினால், அந்தச் சிவப்பு உடனே அவன் தாயின் துக்கத்துக்கோ, பின்னால் வரப்போகிற பிரிவுக்கோ சகுனமாக வேலை பார்க்க ஆரம்பித்துவிடும். சும்மா சிவப்பாக இருக்க அதற்கு அனுமதி கிடையாது. நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன்; ஒரு நிறத்தைக்கூட அதன்பாட்டுக்கு இருக்க விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கதையில் விடுபட்டுப்போகிற அந்தச் சிவப்புக்கு இடம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் கதையைத்தான் விட்டாக வேண்டும். அதற்கு விலை உண்டு. அந்த விலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்னை ஓவியர்களிடையே இவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்தால் அந்தத் துணிச்சல் இன்னும் தெளிவாகத் தெரியும். எழும்பூர்க் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சௌதுரிக்குப் பின் 1957 முதல் 1967 வரை கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தார். அவர் முன்னின்று 1966ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். மேல்நாட்டாரின் பாணியைக் காப்பியடிக்காமல், புதுமையாகவும் நம்முடையதாகவும் ஒரு சித்திரம் உண்டாக வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி கோடு. நம் கோயில் சிற்பத்திலும் கோலத்திலும் ஏட்டுச் சுவடியிலும் ஓடுவது கோடுதானே! பணிக்கர் 1963ல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், எழுத்துப் போன்ற கிறுக்கல், கணக்குக் குறிகள் எல்லாம் நிரம்பிக் கிடக்கும். படிக்க முடியாது, ஆனாலும் ஏதோ பழைய வீட்டுப் பரணில் கிடந்த ஏடு என்ற நெருக்கம் உண்டாகும்.

அச்சுதன் அந்த நெருக்கத்தின் உதவியைக் கேட்கவில்லை. எழுத்தும் யந்திரமும் ஜாதகக் கட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. இது இந்தியச் சித்திரம்தான் என்று சாட்சி சொல்ல ஓர் அடையாளச் சீட்டும் அவர் படத்தில் இல்லை. கோட்டை நம்பிய ஊரில் இருந்துகொண்டு அவர் நிறத்தை நம்பினார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்புக்கூட வைக்கவில்லை. ‘தலைப்பிடாதது’ என்ற ஒரே தலைப்புத்தான். தலைப்பு என்பது கதையின் வால். அதையும் அறுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரூப ஓவியத்துக்காக வாதாடுகிறவர்கள் வழக்கமாகச் சங்கீதத்தைத் துணைக்கு அழைப்பார்கள். ‘கல்யாணி ராக ஆலாபனைக்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறீர்களா? நாகஸ்வரக்காரர் வாசிக்கும்போது வார்த்தை எங்கே என்று தேடுகிறீர்களா? படத்தில் மட்டும் ஏன் தேடுகிறீர்கள்?’ என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இது கொஞ்சம் சுலபமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. ராகத்துக்கு இலக்கணம் இருக்கிறது. இந்த ஸ்வரம் வரலாம், இது வரக்கூடாது என்ற ஒழுங்கு பாடுகிறவர் தொண்டையிலும் இருக்கிறது. பாமரன் காதிலும் பழக்கத்தால் ஏறியிருக்கிறது. வீரபாண்டித் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டு நிற்கிற பெரியவருக்கு ராகத்தின் பேர் தெரியாமல் இருக்கலாம்; அபஸ்வரம் வந்தால் முகம் சுளிக்கத் தெரியும். அரூப ஓவியத்தில் அபஸ்வரம் எது? அதைச் சொல்ல முடியாவிட்டால், குழந்தை கொட்டிய மையும் படம், அச்சுதன் கூடலூர் போட்டதும் படம் என்று ஆகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு நான் கண்டுகொண்ட ஒரு சோதனையை வாசகர்களுக்குச் சொல்கிறேன். படத்தின் முன்னால் நின்று ஏதாவது ஒரு நிறத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் படம் முன்போலவே சௌகரியமாக இருந்தால் அந்த நிறம் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மறைத்ததும் மற்ற நிறங்கள் பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி தோன்றினால், அங்கே வேலை நடந்திருக்கிறது. அச்சுதனின் நல்ல படங்களில் இந்தச் சாய்வை நான் கண்ணால் கண்டேன். ஒரு பெரிய சிவப்புப் பரப்பு இருக்கும். அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு நீலமோ வெண்மையோ இருக்கும். அந்தச் சிறிய துண்டை மறைத்தால் சிவப்பு முழுவதும் சுவரில் பூசிய சாயமாகிவிடுகிறது. கையை எடுத்தால் மறுபடியும் உயிர் வந்துவிடுகிறது.

இதை எஞ்சினீயரின் புத்தி என்றே சொல்லத் தோன்றுகிறது. கட்டடத்தில் எந்தத் தூண் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பது பார்க்கிறவனுக்குத் தெரியாது, கட்டினவனுக்குத் தெரியும். கூரை விழாமல் இருப்பதே அவன் கணக்குக்குச் சாட்சி. பகலில் அந்தக் கணக்குப் போட்ட மனிதர் மாலையில் அதை அடியோடு மறந்துவிட்டு வர்ணத்தைக் குழைத்தார் என்று நான் நம்பவில்லை.

வேறொரு தொழிலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் உலகத்தில் வேறு சிலரும் உண்டு. ருஷ்யாவில் பிறந்த காண்டின்ஸ்கி சட்டம் படித்தவர். முப்பதாவது வயதில், 1896ல், அதை விட்டுவிட்டுச் சித்திரம் கற்க மூனிச்சுக்குப் போனார். இத்தாலியில் அல்பெர்த்தோ பூர்ரி என்று ஒருவர். 1915ல் பிறந்தவர், டாக்டருக்குப் படித்து, இரண்டாவது உலக யுத்தத்தில் இத்தாலிய ராணுவத்தில் வைத்தியராக இருந்தார். 1943ல் டுனீஷியாவில் பிடிபட்டு, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு கைதி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கேதான் படம் போட ஆரம்பித்தார். 1946ல் ஊர் திரும்பியதும் வைத்தியத்தை விட்டே விட்டார். பிறகு கிழிந்த கோணிச் சாக்குகளை எடுத்து, ஒட்டுப்போட்டு, தையல் போட்டு, சட்டத்தில் இறுக்கி, இதுதான் படம் என்று மாட்டினார். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்த நமக்குச் சாக்கு புதிதல்ல. ஆனால் ஒரு டாக்டர் கை சாக்கைத் தைத்திருக்கிறது என்று தெரிந்து பார்க்கும்போது அந்தக் கிழிசல் வேறாகத் தெரிகிறது. அந்தப் படங்களில் யுத்தம் இல்லை, காயம்பட்ட சிப்பாய் இல்லை. தையல் மட்டும் இருக்கிறது.

பூர்ரி பிற்காலத்தில் செய்த காரியம் இன்னும் பெரியது. சிசிலியில் ஜிபெல்லினா என்ற சிற்றூர் 1968ல் பூகம்பத்தில் தரைமட்டமானது. பிழைத்தவர்களுக்கு வேறோர் இடத்தில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். பழைய ஊரின் இடிபாடுகளைப் பூர்ரி 1980களில் வெள்ளைச் சிமெண்டுக் கலவையால் மூடினார். பழைய தெருக்கள் ஓடிய தடத்தில் மட்டும் ஆள் நடக்கும்படி பிளவுகளை விட்டார். 1989ல் நின்றுபோன வேலை, அவர் 1995ல் காலமான பிறகு, 2015ல்தான் பூர்த்தியாயிற்று. அங்கே ஒரு சிலை கிடையாது. யார் வீடு எது என்று எழுதி வைக்கவில்லை. ஓர் ஊரின் கதை முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. அதற்குள்ளே தெருத் தெருவாக நடந்து போகலாம். அதன் புகைப்படத்தைப் பார்த்த அன்று, அரூபக் கலையில் விஷயம் இல்லை என்று நான் எழுதிய வரியை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஆனால் பூர்ரிக்குச் சாக்கு துணை இருந்தது; ஜிபெல்லினாவில் செத்த ஊரே துணை இருந்தது. சாக்கைப் பார்த்தவன் வறுமையை நினைக்காமல் இருக்க முடியாது. அச்சுதன் கூடலூர் அந்தத் துணையையும் வைத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் வர்ணம், அக்ரிலிக், நீர் வர்ணம் என்று கடையில் விற்கிற சாமான்தான். அதற்குப் பூர்வ கதை கிடையாது. நினைப்பூட்ட எதுவும் இல்லாமல் நினைவை உண்டாக்க வேண்டும். இது கஷ்டமான பந்தயம். இதில் ஜெயித்தால் முழு ஜெயம், தோற்றால் அலங்காரம்.

அவர் எப்போதும் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இனிமை மட்டும் எஞ்சி நிற்கிற படங்களும் அவரிடம் உண்டு. நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடாமல், சமர்த்தாக, கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும் தூரத்து உறவுக்காரர்களைப் போல உட்கார்ந்திருக்கும். பெரிய ஓட்டல்களின் முன்கூடங்களுக்கும் பணக்காரர் வீட்டு மெத்தை நாற்காலிகளுக்கும் அவை பொருத்தமாக இருக்கும். அரூப ஓவியத்துக்கு உள்ள பெரிய அபாயம் ஜனங்களின் பரிகாசம் அல்ல. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத அழகாகப் போய்விடுவதுதான் அபாயம். நான் சொன்ன கை மறைக்கும் சோதனையில் இத்தகைய படங்கள் தேறுவதில்லை. எதை மறைத்தாலும் அவை புன்னகை செய்துகொண்டே இருக்கும்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கதையை விட்டவர் மனிதர்களையும் விட்டுவிட்டார். எம். டி.யின் ஆற்றங்கரையில் பட்டினி கிடந்தவன் இருக்கிறான், தறவாட்டின் அதிகாரத்தை எதிர்த்துக்கொண்டு வெளியேறிய பையன் இருக்கிறான். அச்சுதனின் நிறங்களில் அவர்களுக்கு இடம் இல்லை. பசி என்ன நிறம்? அதை நிறமாகப் போட்டுக் காட்டிவிடலாம் என்று சொல்கிறவர்களை நான் நம்ப மாட்டேன். சில துக்கங்களுக்குப் பேர் வேண்டும், வயசு வேண்டும், ஊர் வேண்டும், இன்ன தேதியில் இன்ன வாசலில் நின்றாள் என்று சொல்ல ஒருவன் வேண்டும். அதை அரூப ஓவியம் செய்யாது. செய்ய வேண்டும் என்று அதனிடம் கேட்பதும் நியாயம் அல்ல. எனக்குத் தொழில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற ஆறுதல் இதில் கிடைக்கிறது. அச்சுதனுக்கும் இது தெரிந்துதான் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் கதை எழுதியவர் அல்லவா?

ஆகவே என்னுடைய தீர்ப்பு இதுதான். அவர் ஆற்றைத் துறந்தவர் அல்லர். ஆற்றைக் காட்டுவதைத் துறந்தவர். இரண்டும் ஒன்று என்று நினைத்ததால்தான் இத்தனை காலம் நான் தவறாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் புத்தகம் வேண்டாம். பெரியாறு இயற்கையாக மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிற ஆறு. பென்னி குவிக் முல்லைப் பெரியாற்றில் கட்டிய அணை 1895ல் பூர்த்தியானதும், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியது. சுரங்கத்துக்குள் ஆற்றுக்குக் கரை ஏது, மணல் ஏது, படித்துறை ஏது? ஆறு என்று சொல்வதற்கு அங்கே ஓர் அடையாளமும் கிடையாது. இந்தப் பக்கம் வெளியே வந்து, லோயர் கேம்ப்பில் குழாய்களில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, வேறு பேர்களில் ஓடி வயலில் பாய்கிறது. கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று சாலை நெடுகப் பச்சையாக நிற்கிற நெல்லைப் பார்த்துவிட்டு, ‘இதில் பெரியாறு எங்கே?’ என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஆற்றைக் காணோம்தான். ஆனால் அது இல்லாமல் இந்தப் பச்சை இல்லை.

பாரதப்புழையும் அப்படித்தான் அச்சுதனின் படங்களுக்குள் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் அதை ஊரிலேயே விட்டுவிட்டு ரெயில் ஏறினார். சென்னையில் ஏதோ ஒரு மாலை, ஏதோ ஒரு படத்தில் அது நிறமாக வெளியே வந்தது. கரையைக் கேட்டால் காட்ட முடியாது.

போன வாரம் மைத்துனர் மறுபடியும் வந்திருந்தார். மழை பிந்தியதைப் பற்றியும் பழத்தின் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். விடைபெற்றுக் கிளம்பும்போது கூடத்தில் நின்று படத்தை ஒரு தரம் பார்த்தார். இந்தத் தடவை அது என்ன படம் என்று கேட்கவில்லை. “கொஞ்சம் வெளிச்சத்துல மாட்டுங்க, மாப்ள. இருட்டுல கிடக்கு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து அங்கே மாற்றி வைத்திருக்கிறேன்.